குடல் புண் என்று சொன்னவள்

என் கணவர் கத்தாமல் பேசினால் எனக்குப் பயம் வரும். அவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறவர். இருபது வருஷமாக அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, "உப்பு எடு" என்பதைக்கூடத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் ஒரு மாதம் முழுக்க என்னிடம் மெதுவாகப் பேசினார். வந்த வியாதி பாதி கொன்றது என்றால், அந்த மெதுவான பேச்சு மீதியைக் கொன்றது.

இதை எழுதும்போது இன்னும் இரண்டு மாத மாத்திரை மிச்சம் இருக்கிறது. உடம்பு தேறிவிட்டது. என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் ஊரில் நிறையப் பேர் உண்டு, அவர்களுக்குத்தான் இது.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் என் வேலை. வெட்டுவதற்குப் போகும் முன் ஒவ்வொரு தோலையும் மேசைமேல் விரித்து, விளக்கடியில் தடவிப் பார்ப்பேன். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறின கோடு, மாட்டுக்குச் சூடு போட்ட இடம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். குறை இருக்கிற இடத்தைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவேன். அந்த வட்டத்துக்குள் கத்தி படக்கூடாது, கட்டிங் ஆட்கள் அதை விட்டுத் தள்ளித்தான் வெட்டுவார்கள். ரொம்ப வழவழவென்று வருகிற தோலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். குறையை மறைக்க மேலே பூச்சு ஜாஸ்தி போட்டிருப்பார்கள். "ஹெலன் அக்கா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று லைனில் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அந்த விரல்தான் கழுத்துக் கட்டியையும் கண்டுபிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிச் சங்கிலி மாட்டும்போது, வலது பக்கம் காறை எலும்புக்கு மேலே புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. அதற்கு முன்பே சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிருந்தது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். இ.எஸ்.ஐ. டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கட்டி அசையவில்லை. வேலூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேலூரில் எங்களைப் பார்த்தது சின்ன வயசு டாக்டரம்மா. தடவிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"இது நெறி கட்டியிருக்கும்மா. உடம்பு பூரா காவலுக்கு நிக்கிற சின்னச் சின்ன முடிச்சுங்க இருக்கு. கிருமி வந்தா அது வீங்கும். டிபியா இருந்தாலும் வீங்கும். புற்றா இருந்தாலும் வீங்கும். வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான். எதுன்னு இப்ப சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது."

பக்கத்தில் என் கணவர், "சரிங்க டாக்டர்" என்றார். மெதுவாக. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அது தொடங்கியது.

முதலில் ஊசி டெஸ்ட். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடியில் தடவிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் போனால், "போதுமான செல் கிடைக்கலம்மா, கட்டியை எடுத்துத்தான் பாக்கணும்" என்றார்கள். கிடைத்திருக்கும், என்னிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பாவாடையிலேயே ஒன்னுக்குப் போய்விட்டது போல இருக்கும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார் அங்கிருந்த தம்பி. அவர் சொன்னபடியே இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் முழுசாக நம்பிய முதல் ஆள் அவர்தான். ஸ்கேனில் நெஞ்சுக்குள்ளும் இரண்டு மூன்று நெறி வீங்கியிருப்பதாகத் தெரிந்தது. அதுவும் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளத்து அம்மாள் இருந்தார். பொரியை என் பக்கம் நீட்டி, என் கழுத்தைக் காட்டி, கையால் 'என்ன?' என்றார். நான் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டேன். பொரியை மட்டும் எடுத்தேன். மொழி தெரியாதவரிடம்கூட மறைக்கிறோமே என்று அப்புறம் வெட்கமாக இருந்தது.

நான் ஏன் எல்லாரையும் இப்படிச் சந்தேகப்பட்டேன் என்று கேட்டால், ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளியிடம் எப்படிப் பொய் சொல்வது என்று எனக்கு அத்துப்படி. நான் சொல்லியிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மாமனாருக்கு வயிற்றில் புற்று. முற்றிவிட்டது, அறுவைக்கு வழியில்லை என்றார்கள். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வராந்தா மூலையில் டாக்டர் முன்னால் கைகட்டி நின்று நான்தான் கேட்டுக்கொண்டேன். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டாரு." எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, பாசம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் குடல் புண் என்று எல்லாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தேன். என் பழைய வயிற்றுவலி ரிப்போர்ட்டை மேலே வைத்து ஃபைலை மாற்றினேன். சத்து மாத்திரையைப் 'புண் மாத்திரை' என்று கொடுத்தேன்.

பொய் சொன்னால் அதற்குப் பத்தியமும் வைக்க வேண்டுமே. குடல் புண்காரனுக்குக் காரம் ஆகாது. ஞாயிறு ஆராதனை முடிந்தால் நேரே பிரியாணிக் கடைக்குப் போய் நிற்கிற மனிதர் அவர். ஏழு மாதம் கஞ்சியும் மோரும் குழைந்த இட்லியும் கொடுத்தேன். மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டார். அவ்வப்போது, "புண்ணு ஆறுதாம்மா?" என்று கேட்பார். "ஆறிட்டே வருது மாமா" என்பேன். அவருக்கு இருந்த ஒரே வெளி நடமாட்டம், சனிக்கிழமை மகனோடு வண்டியில் சலூனுக்குப் போய் ஷேவிங் பண்ணிக்கொண்டு வருவதுதான். திரும்பும்போது வாயில் ஒரு ஏலக்காய் இருக்கும். "சலூன்காரன் குடுத்தாம்மா" என்று சிரிப்பார். தங்கமான சலூன்காரன் என்று நினைத்துக்கொள்வேன். அவர் இறந்த அன்று வந்தவர்களிடமெல்லாம், "கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது, நிம்மதியா போய்ட்டாரு" என்று சொன்னேன். ஒரு காரியத்தைச் சாதித்துவிட்ட நிம்மதி எனக்கு.

இப்போது என் கழுத்தில் போட்ட வட்டத்துக்கு வருகிறேன். கட்டியை எடுக்கிற அன்று காலையில் ஸ்கேன் டாக்டர் கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்து, ஊதா நிறப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். வெளியே உட்காரச் சொன்னார்கள். பாத்ரூமுக்குப் போனேன். கண்ணாடியில் பார்த்தால் வட்டம் கட்டிமேல் இல்லை. ஒரு விரல் அளவுக்குக் கீழே தள்ளி இருந்தது. தடவிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, தப்பான இடம். கம்பெனியில் புதுசாக வந்த பிள்ளைகள் தப்பாக வட்டம் போட்டால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். முந்தானையை நனைத்து, சோப்புப் போட்டு ஊதா வட்டத்தைத் துடைத்தேன். கைப்பையில் வெள்ளிப் பேனா எப்போதும் இருக்கும். சரியான இடத்தில் நானே ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன்.

உள்ளே படுக்க வைத்துத் துணியை விலக்கியதும் சர்ஜன் அப்படியே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், இது இன்னா கலரு? யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றேன். "அவங்க போட்டது கொஞ்சம் தள்ளிப் போச்சு."

அந்த சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. சர்ஜன் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். "மேடம், கழுத்தைத் திருப்பி வச்சி போட்டது அது. நேரா நிமிந்தா தோல் நகந்துடும். அப்புறம், உங்க கைக்குத் தெரியிற கட்டி நாங்க எடுக்கப் போறது இல்ல. அதுக்குக் கீழ ஆழத்துல இருக்கிறதுதான் பதில் சொல்லும்." மேசையில் விரித்த தோல் நகராது. என் கழுத்து நகரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் செய்த வேலையால் அன்றைக்கு ஆபரேஷன் நின்றுபோனது. மறுநாள் திரும்ப ஸ்கேன், திரும்ப வட்டம். இந்த முறை பக்கத்திலேயே ஒரு சிஸ்டரைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். கையில் இருந்த பேனாவைக் கணவர் வாங்கி வைத்துக்கொண்டார். திட்டவே இல்லை. வேறு நாளாக இருந்தால் இதற்கு வேலூர் கோட்டை அதிர்ந்திருக்கும்.

கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து எடுத்தார்கள். இழுக்கிறது தெரியும், வலி தெரியாது. முடிந்து கட்டிலில் தள்ளிக்கொண்டு வரும்போது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வராந்தா மூலையில் டாக்டரம்மா. அவர் முன்னால் என் கணவர், கைகட்டி, தலை குனிந்து. டாக்டரம்மா தலையை ஆட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற அதே மாதிரி என் கணவர் நின்றார். எனக்குக் கழுத்து மரத்திருந்தது, நெஞ்சு மரக்கவில்லை.

முடிவு வர ஒரு வாரம். அந்த ஏழு நாளில் எதைப் பார்த்தாலும் எனக்கு அத்தாட்சியாகவே பட்டது. சோளிங்கரில் டீச்சராக இருக்கிற என் நாத்தனார் ரூபி அண்ணி, ஒரு கிரைண்டர் தகராறில் மூன்று வருஷமாகப் பேசாதவர், பையோடு வந்து இறங்கினார். என் சமையலறையைப் பார்த்துவிட்டு ஒரு குறை சொல்லவில்லை. பாத்திரம் கழுவினார், என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். "நல்லா இருக்கே ஹெலன்" என்றார். நல்லா இருக்கிறவளுக்கு எதற்கு எண்ணெய்? மகள் சென்னையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை வீடியோவில் வந்தாள். சபை போதகர் ஆஸ்பத்திரியிலேயே எங்களைத் தேடி வந்து ஜெபம் பண்ணினார். மாமனாருக்கும் அவர் இப்படித்தான் கூப்பிடாமல் வந்தார். நாங்கள் தையலைக் காட்டப் போன அன்று அவர் தன் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர், எங்களைத் தற்செயலாகப் பார்த்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

புற்றுதானா என்று கேட்டுவிட்டால் என்ன என்று நினைப்பேன். கேட்க முடியவில்லை. 'ஆமாம்' என்றால் செத்தேன். 'இல்லை' என்றால் நம்ப மாட்டேன். பிறகு எதற்குக் கேட்பது? என்ன வியாதி என்று தெரியாமல் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய பேஜார். அப்படி ஒரு தனிமை எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "டிபிம்மா. நெறியில வர்ற டிபி. புற்று இல்ல. ஆறு மாசம் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா குணமாயிடும். இது இருமல்ல பரவுற வகை கிடையாது. வீட்டுல யாரும் பயப்பட வேணாம்." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஊதாவும் ரோஸுமாகப் புள்ளிகள். கிருமியைச் சுற்றி உடம்பு போட்ட வேலி இது, கிரானுலோமா என்று பேர், வேலிக்கு நடுவில் செத்துப்போன இடம் இது என்று விரலால் காட்டினார்.

என் கணவர் அழுதார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டிபிக்கு யாராவது அப்படி அழுவார்களா?

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமனாருக்குக் குடல் புண், எனக்கு டிபி. குணமாகிற வியாதி, மாத்திரை உண்டு, காட்ட ரிப்போர்ட்டும் உண்டு. பூச்சு நன்றாகவே போட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். தினமும் வெறும் வயிற்றில் போட வேண்டும், ஒன்னுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். காலையில் கணவர் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து வைப்பார். நான் வாயில் போடுகிற மாதிரி கையை மூடிக்கொண்டு உள்ளே போய், காலியாக இருந்த பேனா டப்பாவில் போட்டுவிடுவேன். சத்து மாத்திரையைத் தின்று ஏமாறுகிற அளவுக்கு நான் என் மாமனார் இல்லை என்று ஒரு வீம்பு. அந்த வீம்பில் நான் செத்தே போயிருக்கலாம். கழுத்தில் தையல் ஆறியது, சாயங்காலக் காய்ச்சல் ஆறவில்லை.

ஏழாம் நாள் காலை, வாங்கி வைத்த வெள்ளிப் பேனாவைத் திரும்ப டப்பாவில் போடலாம் என்று கணவர் அதைத் திறந்தார்.

"இன்னாடி இது?"

அந்தக் குரல்! பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். ரூபி அண்ணி கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"எத்தினி நாளா இப்படி பண்ணிக்கினு இருக்கே? டாக்டர் வாயைத் தொறந்து சொன்னாங்க இல்ல? கம்ப்யூட்டரைத் திருப்பிக் காமிச்சாங்க இல்ல? இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

"உங்கப்பாவுக்கும்தான் நான் ரிப்போர்ட் காமிச்சேன்" என்றேன். "அவரும்தான் நம்புனாரு."

அவர் டப்பாவைக் கட்டில்மேல் வீசினார். மாத்திரைகள் சிதறின.

"யாரு நம்புனது? எங்கப்பாவா? முதல் மாசமே அவருக்குத் தெரியும்டி! 'புண்ணுக்கு எதுக்குடா அந்த வார்டுல போய் நிக்கிறோம், எனக்கு போர்டு படிக்கத் தெரியாதா'ன்னு என்னைக் கேட்டாரு. நான் அழுதேன். 'அவகிட்ட சொல்லிடாத, அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டு மறைக்குது, எனக்குத் தெரியும்னா ஒடஞ்சி பூடும்'னாரு. நாலு வருஷமா வாயை மூடிக்கினு இருக்கேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் மிச்சமிருந்த ஒரே அத்தாட்சியைக் கேட்டேன்.

"அப்போ டாக்டரம்மாகிட்ட கைகட்டி நின்னு இன்னா பேசினீங்க?"

"எதுவா இருந்தாலும் அவகிட்டயே நேரா சொல்லிடுங்க, என்கிட்ட தனியா சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். இன்னொரு தரம் மூடி வச்சிக்கினு இருக்க என்னால முடியாது. போதுமா?"

"பின்ன ஏன் ஒரு மாசமா மெதுவா பேசினீங்க?"

"பயம்டி! பயத்துல எவன் கத்துவான்?"

சொல்லிவிட்டு அதைவிடச் சத்தமாக ஒருமுறை திட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ரூபி அண்ணி, "இவ்ளோ பாத்திரத்தைக் கழுவுனேனே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ?" என்று தன் பங்குக்குச் சண்டைக்கு வந்தார். எங்கள் வீடு எங்கள் வீடாகிவிட்டது. அன்றே நர்ஸம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவரும் திட்டினார். கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்கினார். அவர் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினேன். சாயங்காலம் பாத்ரூமிலிருந்து, "ஆரஞ்சு!" என்று நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். சத்து மாத்திரை அப்படியெல்லாம் நிறம் காட்டாது.

ஒரு மாதத்தில் காய்ச்சல் நின்று பசி வந்தது. ஒரு சனிக்கிழமை கணவர், "கிளம்பு" என்று வண்டியை எடுத்தார். ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய பிரியாணிக் கடையில் நிறுத்தினார். மூலை மேசையில் உட்கார்ந்தோம். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மாமனார் ஞாபகம் வந்தது.

"கடைசி ஏழு மாசம் உங்கப்பாவுக்கு இது ஒரு வாய்கூடக் குடுக்காம கொன்னேனே" என்றேன். "தெரிஞ்சும் கேக்காம இருந்துட்டாரே மனுஷன்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஷேவிங்குக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு நினைக்கிறே? பத்து நிமிஷம்" என்றார். "மீதி நேரம் இந்த மேசையிலதான் இருந்தோம். ரெண்டு வாய் சாப்பிடுவாரு, அவ்ளோதான் இறங்கும். மீதியை நான் சாப்பிடுவேன். வெளிய வர்றப்போ கல்லாவுல கேட்டு வாங்கி வாயில போட்டுக்குவாரு. 'ஹெலன் மூக்கு பொல்லாததுடா'ம்பாரு."

சாப்பிட்டு முடித்து எழுந்தோம். கல்லாவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் நான், இதை மட்டும் ஒரு சனிக்கிழமைகூடச் சந்தேகப்பட்டதில்லை.